அலைக்கற்றை மக்களின் சொத்து: கணக்குக் கேட்க வேண்டியது நாடாளுமன்றம்

(தொலைத்தொடர்புக் கொள்கை குறித்துக் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணியிடங்களில், கைப்பேசிச் செயலி வழியாக வருகையைப் பதிவு செய்வது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளர்களின் ஒளிப்படம் எடுக்கப்பட்டுப் பதிவேற்றப்பட வேண்டும். இணைப்புக் கிடைக்காத மலைக்கிராமங்களிலும் வனப்பகுதிகளிலும் இதன் பொருள் என்ன? நாள் முழுவதும் மண் வெட்டிய பெண்ணின் உழைப்புக்கு அவர் வெட்டிய குழி சாட்சியாகாது. அலைபேசிக் கோபுரத்தின் சமிக்ஞைதான் சாட்சி. படம் ஏறாவிட்டால், அன்றைய கூலி அதிகாரியின் தயவில் தொங்கியது. இந்த முறையை எதிர்த்து அவ்வாண்டு தில்லி ஜந்தர் மந்தரில் பல மாநிலத் தொழிலாளர்கள் தொடர் போராட்டம் நடத்தினர்.

ரேஷன் கடையின் விரல்ரேகைக் கருவி, முதியோர் ஓய்வூதியம், மாணவர் உதவித்தொகை, பயிர்க் காப்பீடு என அரசின் கதவுகள் அனைத்தும் இன்று இணையத்தின் வழியே திறக்கின்றன. கதவை இணையத்தில் வைத்துவிட்டு, அதை அடையும் பாதையைச் சந்தையிடம் ஒப்படைத்திருக்கிறது ஒன்றிய அரசு. ஆகவே கண்ணாடி இழை வடம் எந்தக் கிராமத்துக்குச் செல்லும், எப்போது செல்லும், என்ன விலைக்குச் சேவை கிடைக்கும் என்பவை தொழில்நுட்பக் கேள்விகள் மட்டுமல்ல. கூலியையும் உணவையும் கல்வியையும் பற்றிய கேள்விகள். இவற்றை யார் தீர்மானிக்கிறார்கள்? அமைச்சரவை, ஒழுங்குமுறை ஆணையம், ஓரிரு பெருநிறுவனங்கள். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய நாடாளுமன்றத்துக்கு இதில் என்ன இடம்? இதுவே இந்த உரையின் பொருள்.

கட்டமைப்பு எவ்வாறு உருவானது?

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தியை நிறுவி நடத்தும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. உரிமம் கொடுத்துப் பிறரை நடத்தச் செய்யும் அதிகாரத்தையும் அதே பிரிவு அளித்திருந்தது. காலனி ஆட்சியின் தேவைக்காக எழுதப்பட்ட அந்த ஒற்றைப் பிரிவைக் கொண்டுதான், 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பின் தொலைபேசித்துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

இதனை எதிர்த்து தில்லி அறிவியல் மன்றம் உச்சநீதிமன்றம் சென்றது. 1996இல் வந்த தீர்ப்பு, கொள்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டதால் அதை நாடாளுமன்றம் ஏற்றதாகவே கொள்ளவேண்டும் என்று கூறியது. உறுப்பினர்கள் வாக்களிக்காத ஒரு கொள்கை, மேசைமீது வைக்கப்பட்டதாலேயே அவர்களுடைய ஒப்புதலைப் பெற்றதாகிவிட்டது. மேசைமீது வைப்பது வேறு. விவாதித்து ஏற்பது வேறு. இந்த வேறுபாடு மறைக்கப்பட்ட இடத்தில்தான் இன்றைய சிக்கலின் வேர் இருக்கிறது.

1997இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது. டிராய் என்று அறியப்படும் அந்த ஆணையத்துக்கும் உரிமம் வழங்கும் அரசுத்துறைக்கும் இடையே அதிகார வரம்பு பற்றிய பூசல் நீதிமன்றங்களை எட்டியது. 2000 ஜனவரியில் அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் ஆணையம் மாற்றியமைக்கப்பட்டது. தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரம் அதனிடமிருந்து பிரிக்கப்பட்டு, டிடிசாட் எனப்படும் தனித் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. முதல் ஆணையத்தின் பதவிக்காலம் அத்துடன் முடித்துவைக்கப்பட்டது. சுதந்திர அமைப்பு என்று கூறப்பட்டது அரசின் ஒரே கையொப்பத்தில் கலைந்துபோகக்கூடியது என்பதற்கு இது தொடக்கக்காலச் சான்று.

அச்சட்டத்தின்படி தலைவரையும் உறுப்பினர்களையும் ஒன்றிய அரசே நியமிக்கிறது. நியமனத்தில் நாடாளுமன்றத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. 25ஆம் பிரிவின்படி, கொள்கை சார்ந்த விஷயங்களில் அரசு இடும் கட்டளைக்கு ஆணையம் கட்டுப்பட்டாக வேண்டும். 37ஆம் பிரிவின்படி, ஆணையம் வகுக்கும் ஒழுங்குமுறைகள் இரு அவைகளிலும் 30 நாட்களுக்கு வைக்கப்பட வேண்டும்; அவைகள் விரும்பினால் திருத்தலாம், நீக்கலாம். நாடாளுமன்றத்தின் அதிகாரம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் மேசைமீது குவியும் நூற்றுக்கணக்கான தாள்களுக்கு நடுவே ஒரு கட்டண ஒழுங்குமுறையை எடுத்துப் படித்து, அதன்மீது விவாதம் கோரி, நேரம் பெறுவது எத்தனை உறுப்பினர்களுக்கு இயலும்?

இலக்குகளுக்குப் பொறுப்பாளர் யார்?

அகலக்கற்றைக் கொள்கைகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் கொள்கை, 2010க்குள் 2 கோடி அகலக்கற்றை இணைப்புகள் என்றது. எட்டப்பட்டது ஏறத்தாழ அதில் பாதி. அப்போது நொடிக்கு 256 கிலோபிட் வேகமே அகலக்கற்றை என வரையறுக்கப்பட்டது. அந்த வரையறையை 2 மெகாபிட்டாக உயர்த்த 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை, 2022க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் நொடிக்கு 50 மெகாபிட் வேகம், வீடுகளில் பாதிக்கு நிலைவழி அகலக்கற்றை, புதிதாக 40 லட்சம் வேலைகள் என்று அறிவித்தது. 2022 வந்து சென்றுவிட்டது. நாட்டில் ஏறத்தாழ 30 கோடி குடும்பங்கள் இருக்கையில், 2024இல் கம்பிவழி அகலக்கற்றை இணைப்புகள் சுமார் 4 கோடியாகவே இருந்தன.

இலக்குத் தவறுவது எந்தத் திட்டத்திலும் நேரலாம். ஏன் தவறியது, யாரால் தவறியது, அடுத்து என்ன செய்யப்படும் என்று எவரும் பதில் சொல்லக் கடமைப்படவில்லை என்பதுதான் குற்றம். இவை அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஆவணங்கள், சட்டங்கள் அல்ல. ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலை கேட்கும் உரிமையை அளித்ததால், வேலை கிடைக்காதவர் முறையிட ஓர் இடம் இருந்தது. அகலக்கற்றை கிடைக்காத கிராமத்துக்கு முறையிட இடமே இல்லை.

வரி வசூலாகிறது, வடம் எங்கே?

1999ஆம் ஆண்டுக் கொள்கை, அனைவருக்குமான சேவைக் கடமை நிதியத்துக்கு வழிவகுத்தது. 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதற்குச் சட்டத் தகுதி அளித்தது. நிறுவனங்களின் சரிகட்டப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காடு இந்நிதிக்குச் செல்கிறது. நிறுவனங்கள் கட்டினாலும், இறுதியில் அது சந்தாதாரர் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருவதே. லாபம் இல்லாத பகுதிகளுக்குச் சேவையைக் கொண்டுசெல்ல மக்கள் தாமே சேர்த்த பணம் அது.

பணம் முதலில் இந்தியத் தொகுநிதிக்குச் செல்கிறது. பின்னர் நாடாளுமன்றத்தின் ஒதுக்கீட்டின் மூலம் நிதியத்துக்கு வரவேண்டும். வசூலித்ததை அரசு கேட்டுப் பெறாமலே விட்டுவிட்டால், அது பொதுக் கணக்கில் கரைந்து பற்றாக்குறையைச் சிறிதாக்கிக் காட்டப் பயன்படும். பல ஆண்டுகளாக வசூலுக்கும் செலவுக்கும் இடையே பெரும் பள்ளம் நீடித்தது. இதைத் தட்டிக்கேட்க வேண்டிய இடம் மானியக் கோரிக்கை விவாதம். ஆனால் பெரும்பாலான அமைச்சகங்களின் கோரிக்கைகள் விவாதமின்றி ஒரே மூச்சில் நிறைவேற்றப்படுகின்றன. 2018இலும் 2023இலும் ஒன்றிய நிதிநிலை அறிக்கையின் செலவினங்கள் முழுவதையும் மக்களவை விவாதமே இன்றி நிறைவேற்றியது.

நிதியத்தின் மிகப்பெரிய திட்டம் பாரத்நெட். 2011 அக்டோபரில் தேசியக் கண்ணாடி இழைப் பின்னல் என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள், சுமார் 20,000 கோடி ரூபாய், இரண்டாண்டுகள் என்பது அன்றைய கணக்கு. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிவதற்கே 2017 டிசம்பர் ஆயிற்று. 2021இல் 16 மாநிலங்களில் தனியார் கூட்டின் மூலம் செய்யலாம் என்று முடிவெடுக்கப்பட்டு, 19,041 கோடி ரூபாய் அரசு உதவியும் அறிவிக்கப்பட்டது. ஏலம் கேட்க ஆளே வரவில்லை, ஒப்பந்தப்புள்ளி கைவிடப்பட்டது. லாபம் தெரியாத இடத்துக்குத் தனியார் மூலதனம் வராது என்ற எளிய உண்மையைக் கற்க மேலும் காலம் வீணாயிற்று. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் ஒப்புதல் பெற்றது. 20,000 கோடியில் தொடங்கியது ஏழு மடங்காகியிருக்கிறது. இடைப்பட்ட ஒவ்வொரு முடிவும் அமைச்சரவை அறையில் எடுக்கப்பட்டது.

“சேவைக்குத் தயார்” என்ற அரசுச் சொல்லையும் கவனிக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்துக்குள் கருவிப்பெட்டி வந்துவிட்டால், அந்த ஊராட்சி அரசுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பெட்டியில் விளக்கு எரிகிறதா, அதிலிருந்து பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் கம்பி செல்கிறதா என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கைக் கேட்பதே மக்கள் பிரதிநிதிகளின் வேலை.

சந்தையின் காவலன்

2016இல் இந்தியாவில் பத்துக்கும் மேற்பட்ட அலைபேசி நிறுவனங்கள் இருந்தன. இன்று களத்தில் இருப்பவை மூன்று தனியார் நிறுவனங்களும் பொதுத்துறையும் மட்டுமே. சந்தாதாரர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஜியோ, ஏர்டெல் ஆகிய இரண்டிடம் இருக்கிறார்கள். இது இயற்கையாக நிகழவில்லை. ஜியோ 2016 செப்டம்பரில் இலவசச் சேவையுடன் நுழைந்தது. அறிமுகச் சலுகைக்கு 90 நாள் வரம்பு இருந்தும், புதுப்பெயரிட்ட சலுகை வேறானது என்று ஆணையம் அனுமதித்தது. 2018 பிப்ரவரியில், சந்தை ஆதிக்கம் யாருக்கு உண்டு என்பதற்கான வரையறையை ஆணையம் மாற்றியது. தரவுப் போக்குவரத்தின் அளவும் வலைப்பின்னலின் திறனும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் டிடிசாட் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. அதற்குள் களம் பெருமளவு காலியாகியிருந்தது.

போட்டியாளர்கள் ஒழிந்தபின் விலை ஏறும் என்பது அரசியல் பொருளாதாரத்தின் அரிச்சுவடி. 2024 ஜூன் இறுதியில், புதிய மக்களவையின் முதல் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டண உயர்வை அறிவித்தன. பல திட்டங்களில் உயர்வு 10 முதல் 25 விழுக்காடு வரை இருந்தது. கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பிலிருந்து ஆணையம் விலகி நிற்பதால், முன் அனுமதியோ பொது விசாரணையோ தேவைப்படவில்லை. சந்தையில் தலையிடுவதில்லை என்று அரசும் விளக்கமளித்தது. மின்கட்டணம் உயர வேண்டுமானால் மாநில ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை நடத்துகிறது. கோடிக்கணக்கானோரின் கைப்பேசிக் கட்டணத்துக்கு அந்தச் சடங்கும் இல்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. வோடஃபோன் ஐடியா நிறுவனம் அரசுக்குத் தரவேண்டிய நிலுவைகள் பங்குகளாக மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில் அரசின் பங்கு 48.99 விழுக்காடாயிற்று. 51 விழுக்காட்டை எட்டினால்தான் நிறுவனச் சட்டப்படி அது அரசு நிறுவனம். ஆகவே மக்கள் பணத்துக்கு ஈடாக வந்த ஏறத்தாழப் பாதிப் பங்கை அரசு வைத்திருக்கிறது, நிர்வாகம் தனியாரிடம், பொதுத்துறை நிறுவனங்களுக்கான நாடாளுமன்றக் குழுவின் பார்வைக்கு வெளியே அந்நிறுவனம் நிற்கிறது. மறுபுறம், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பிஎஸ்என்எல், 4ஜி இன்றிப் பல ஆண்டுகள் கட்டிப்போடப்பட்டது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் அதன் ஊழியர்கள் 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். நாடு முழுவதற்குமான அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது தனியார் நிறுவனங்கள் 5ஜி தொடங்கி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

இருக்கைகள் காலியாக இருந்தபோது வந்த சட்டம்

1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த தொலைத்தொடர்புச் சட்டம், 2023 டிசம்பர் 18 அன்று மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டது. 20ஆம் தேதி மக்களவையிலும் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதே கூட்டத்தொடரில், நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சரின் விளக்கம் கோரிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் உட்பட மொத்தம் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 138 ஆண்டுக்காலச் சட்டத்தை மாற்றும் மசோதா, நிலைக்குழுவுக்கு அனுப்பப்படாமல் நான்கு நாட்களில் முடிந்தது. 15ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17ஆவது மக்களவையில் அது 16 விழுக்காடாகச் சுருங்கிய பின்னணியில் இதைப் பார்க்க வேண்டும்.

அச்சட்டத்தின் பல பிரிவுகள் “விதிக்கப்படும் முறையில்” என்ற சொற்களோடு முடிகின்றன. எலும்புக்கூட்டை நாடாளுமன்றம் தரும். சதையும் நரம்பும் அமைச்சகத்தில் சேரும். செயற்கைக்கோள் சேவைகளுக்கான அலைக்கற்றையை ஏலமின்றி நிர்வாக முடிவால் ஒதுக்க அச்சட்டம் வழிசெய்கிறது. ஆணையத்தின் தலைவர் பதவிக்குத் தனியார் நிறுவனங்களின் உயர்மட்ட நிர்வாகிகளும் வரலாம் என்று டிராய் சட்டம் திருத்தப்பட்டது. சேவைக் கடமை நிதியம் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர் மாறியது. வசூலானதெல்லாம் அதே ஆண்டில் நிதியத்துக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் சேர்க்கப்படவில்லை.

கண்காணிப்பு பயன் தருமா?

ஒழுங்குமுறை அமைப்புகளை அரசியலிலிருந்து விலக்கி வைப்பதே நல்லது என்ற வாதம் உண்டு. அதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. ஒவ்வொரு கட்டண ஆணையும் ஆளும் கட்சியின் விருப்பப்படி அமைய வேண்டும் என்று எவரும் கோரவில்லை. ஆனால் இன்றைய ஆணையம் அரசியலிலிருந்து விலகியிருக்கவில்லை. மக்களின் அரசியலிலிருந்து மட்டுமே விலகியிருக்கிறது. அமைச்சகமும் நிறுவனங்களும் அதை எளிதில் அணுகுகின்றன.

நாடாளுமன்றம் விழித்திருந்தபோது நடந்தவை கண்முன் உள்ளன. 2ஜி ஒதுக்கீட்டில் முறைகேடு நடப்பதாக 2008ஆம் ஆண்டிலேயே தோழர் சீத்தாராம் யெச்சூரி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2010இல் வந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு கோரி அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடர் முழுவதும் முடங்கியது. 2011இல் குழு அமைக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. குற்றவியல் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 2017இல் சிறப்பு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். எனினும் பொதுச் சொத்தை ஒதுக்கும் முறை பற்றிய கேள்வி அவைக்குள் எழுந்ததும், அந்த முறை மாறியதும் வரலாறு.

தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு 2021 டிசம்பரில் அளித்த அறிக்கை மற்றோர் எடுத்துக்காட்டு. இணைய முடக்கங்கள் குறித்த பதிவேட்டைத் தொலைத்தொடர்புத் துறையோ உள்துறை அமைச்சகமோ பராமரிக்கவில்லை என்பதை அக்குழு வெளிக்கொணர்ந்தது. மையப் பதிவேடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் முதல் 2021 பிப்ரவரி வரை 18 மாதங்கள் அதிவேக இணையம் மறுக்கப்பட்ட நாட்டில், எத்தனை முறை முடக்கப்பட்டது என்ற கணக்கே அரசிடம் இல்லை. ஆனால் நிலைக்குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

உச்சநீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. பாதியில் துண்டிக்கப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய் இழப்பீடு என்ற ஆணையத்தின் ஒழுங்குமுறையை 2016 மே மாதத்தில் ரத்து செய்தபோது, விதிகளை வகுக்கும் அமைப்புகள் வெளிப்படையான கலந்தாய்வு நடத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்று கூறியது. அப்படியொரு பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை.

அதே நேரத்தில் மயக்கமும் கூடாது. அமெரிக்காவில் தொடர்பு ஆணையர்களின் நியமனத்துக்கு செனட்டின் ஒப்புதல் தேவை. நாடாளுமன்றக் குழுக்களின் முன் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆயினும் 2017இல், அகலக்கற்றைச் சந்தாதாரரின் அந்தரங்கத்தைக் காக்க ஆணையம் வகுத்த விதிகளை அந்நாட்டின் காங்கிரசே நீக்கியது. கண்காணிக்கும் அதிகாரம் நிறுவனங்களின் கைக்குள் சென்றால், வேலியே பயிரை மேயும். ஆகவே அவைக்குள் இருக்கும் அதிகாரத்துக்கு அவைக்கு வெளியே மக்கள் இயக்கம் காவலாக வேண்டும். 2015இல் இணையச் சமநிலைக்காக ஆணையத்துக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. ஃபேஸ்புக் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்காகப் பெரும் விளம்பரம் செய்தும், 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாட்டுக் கட்டணத்தை ஆணையம் தடைசெய்தது. அமைப்பு அதே அமைப்புதான். அழுத்தம் வந்த திசை மட்டுமே மாறியிருந்தது.

மாற்றுப் பாதைக்குக் கேரளம் சான்று. இணைய அணுகலை அடிப்படை உரிமையாக அறிவித்த இடது ஜனநாயக முன்னணி அரசு, மின்வாரியத்தின் கம்பங்களைப் பயன்படுத்தி கேஃபோன் பின்னலை அமைத்து 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டமாகத் தொகுதிக்கு 100 குடும்பங்கள் என 14,000 குடும்பங்களும் 30,000 அரசு அலுவலகங்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. இலக்குக்கும் நடப்புக்கும் இடையே அங்கும் தூரம் உண்டு. ஆனால் அந்தத் தூரத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்க எதிர்க்கட்சிக்கு இடமிருந்தது. அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கோரிக்கைகளும் கடமைகளும்

இவற்றிலிருந்து எழும் கோரிக்கைகள் தெளிவானவை. ஆணையத்தின் தலைவர், உறுப்பினர் நியமனங்கள் நாடாளுமன்றக் குழுவின் பகிரங்க விசாரணைக்குப் பின்பே செய்யப்பட வேண்டும்; நிறுவனங்களிலிருந்து வருவோருக்கும் ஆணையத்திலிருந்து நிறுவனங்களுக்குச் செல்வோருக்கும் கடுமையான இடைக்காலத் தடை வேண்டும். தேசிய அகலக்கற்றைக் கொள்கை அவைகளில் விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்பின் மூலம் ஏற்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் அதன் நிறைவேற்ற அறிக்கையை நிலைக்குழு ஆராய வேண்டும். டிஜிட்டல் பாரத் நிதியில் வசூலாகும் முழுத்தொகையும் அதே நோக்கத்துக்குச் செலவிடப்பட்டு, ஆண்டுதோறும் செயல்திறன் தணிக்கைக்கு உள்ளாக வேண்டும். கட்டண உயர்வுக்குப் பொது விசாரணை, இணைய முடக்கத்துக்குப் பகிரங்கப் பதிவேடு, பிஎஸ்என்எல்லுக்கு உரிய காலத்தில் முதலீடு ஆகியவை உறுதிசெய்யப்பட வேண்டும். தொலைத்தொடர்பு ஒன்றியப் பட்டியலில் இருந்தாலும், வடம் செல்வது மாநிலங்களின் நிலத்தின் வழியே; மாநிலங்களின் குரலுக்கு ஆணையத்தில் இடம் வேண்டும்.

தோழர்களே, இது தில்லியில் மட்டும் நடக்கும் வேலை அல்ல. ஒவ்வொரு கிளையும் தன் ஊராட்சியில் பாரத்நெட் கருவி இருக்கிறதா, இயங்குகிறதா, எத்தனை நாட்கள் இயங்கியது என்று பதிவு செய்ய முடியும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க முடியும். கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றி, தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற மனுக்கள் குழுவுக்கும் அனுப்ப முடியும். ஆணையம் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போதெல்லாம் நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அங்கே சென்று சேர்கின்றன. உழைக்கும் மக்களின் ஒரு பக்கமாவது சேர வேண்டும். கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆயினும் ஆயிரம் ஊராட்சிகளின் உண்மைக் கணக்கு கையில் இருந்தால், ஓர் உறுப்பினர் எழுப்பும் ஒரு கேள்வியை எந்த அமைச்சரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

வெட்டிய குழியே வெட்டியவருக்குச் சாட்சியாகும் நிலை திரும்ப வேண்டும். சமிக்ஞையே சாட்சி என்று அரசு அடம்பிடிக்குமானால், அந்தச் சமிக்ஞையைக் கடைசிக் கிராமம் வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பையும் அது ஏற்கவேண்டும்; ஏற்றதற்கான கணக்கை மக்கள் மன்றத்தின் முன் வைக்கவேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் போராட்டத்தை அவைக்குள்ளும் அவைக்கு வெளியிலும் ஒருசேர நடத்துவதே கட்சி உறுப்பினர்கள் முன்னுள்ள பணி.